பதினாறு மணி நேரம்

மூன்றாம் நாள் காலையில் சேறு மேலே வந்துவிட்டது.

விடிந்ததும் ஆபரேட்டர் வழக்கம்போல் தெளியவைக்கும் தொட்டியைச் சுற்றி வந்தார். கிணறு போல வட்டமான பெரிய தொட்டி. ஊரின் சாக்கடை நீரை முதலில் பக்கத்துத் தொட்டியில் காற்று ஊதிக் கலக்குவார்கள். பிறகு அது இங்கே வந்து அசையாமல் நிற்கும். சேறு அடியில் படியும், மேல்நீர் விளிம்பில் வழிந்து வாய்க்காலுக்குப் போகும். இது ஒழுங்காக நடக்கிறவரை இப்படி ஓர் இடம் இருப்பதே ஊரில் யாருக்கும் நினைவிருக்காது.

அன்று படிந்த சேறு படிந்த இடத்தில் இருக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கட்டிகளாக ஒவ்வொன்றாய் எழும்பி வந்தது. மேலே வந்ததும் குமிழி விட்டு உடைந்து, நீர் முழுக்கப் பரவியது. ஆபரேட்டர் நீளக்கழி வலையை எடுத்து வாரத் தொடங்கினார். ஒரு கட்டியை வாரினால் இரண்டு எழும்பின.

அவர் முதுகுக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள் காற்று ஊதும் புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நேற்று மாலையிலிருந்து அதன் இரைச்சலுக்குள் மெல்லிய அழுகை போல ஒரு சத்தம் சேர்ந்திருந்தது. பேரிங் போகிற சத்தம். வேறு யாருக்கும் அது தனியாகக் கேட்காது.

ஆய்வுக்கு வந்திருந்த பொறியாளர் அம்மா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கூடையில் பாட்டில்களோடு வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நிதானமான பேச்சு.

"என்ன ஆபரேட்டர், இன்னைக்கு இப்படி இருக்கு?"

"சில நாள் இப்படி ஆகும் மேடம்."

"அடிக்கடி ஆகுமா?"

அவர் கழியை நீரிலிருந்து எடுக்காமலே, "எப்பவாவது" என்றார்.

பொறியாளர் குனிந்து, வழிகிற இடத்தில் பாட்டிலைப் பிடித்தார். நிரம்பியதும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். உள்ளே தூசு தூசாகச் சேறு சுழன்றது. ஒன்றும் சொல்லாமல் மூடி போட்டு, தேதியும் நேரமும் எழுதிய தாளை ஒட்டினார். வைது விட்டிருந்தால்கூட ஆபரேட்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

*

அந்த நிலையத்தில் இரண்டு புளோயர்கள். ஒன்று மாற்றி ஒன்று ஓட வேண்டும், இருபத்து நான்கு மணி நேரமும் காற்று போக வேண்டும் என்பது விதி. ஒன்று பதினோரு வருடங்களுக்கு முன்பே படுத்துவிட்டது. ஆபரேட்டர் மூன்று முறை எழுதிப் போட்டார். பதில் இல்லை. மிச்சமிருந்த ஒன்றும் படுத்தால் ஊர்ச் சாக்கடை அப்படியே வாய்க்காலில் போகும். அதனால் இரண்டு மணி நேரம் ஓட்டி, ஒரு மணி நேரம் நிறுத்தினார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறியதும் மறுபடி போடுவார். இப்படியே ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம்.

தொட்டி கெட்டுவிடும் என்று முதல் வாரம் பயந்துகொண்டே இருந்தார். கெடவில்லை. நீர் முன்னைவிடத் தெளிந்து வந்தது. சேறு கனமாக, ஒட்டாமல், சொன்னபடி கேட்டுப் படிந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. கேட்பதற்கும் ஆள் இல்லை.

அந்த மாதம் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி பதினாறு என்றுதான் எழுதி அனுப்பினார். அது சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பி வந்தது. 'எட்டு மணி நேரம் இயக்காததற்கு எழுத்து மூலம் விளக்கம் தரவும்.' விளக்கம் எழுதினார். அதற்கும் விளக்கம் கேட்டார்கள். அடுத்த மாதம் இருபத்து நான்கு என்று எழுதினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பதினோரு வருடம், ஒவ்வொரு நாளும் இருபத்து நான்கு. பகலுக்கு அவர் கையெழுத்து; இரவுக்கு, கடந்த ஆறு வருடமாக, அவர் மனைவியின் தம்பி கையெழுத்து.

நிலையத்துக்கென்று தனி மின்மீட்டர் கிடையாது. ஊரின் குடிநீர்ப் பம்புகளோடு சேர்த்து ஒரே மீட்டர். பதிவேட்டில் எழுதிய மணிக்கணக்கை வைத்துத்தான் இந்த நிலையம் தின்ற மின்சாரம் இவ்வளவு என்று அலுவலகத்தில் பிரித்துப் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது கேள்வி, இந்தப் பழைய நிலையத்தைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, மூடிவிட்டுச் சாக்கடையைக் குழாய் போட்டுத் தொலைவில் உள்ள பெரிய நிலையத்துக்குத் தள்ளுவதா என்பது. எது சூழலுக்கு நல்லது, எது செலவு குறைவு என்று பார்த்து எழுதத்தான் அந்தப் பொறியாளர் ஆறு நாள் தங்கலில் வந்திருந்தார். மூடினால் ஆபரேட்டரை எங்காவது தூக்கிப் போடுவார்கள். கொட்டகைக்கு நாற்பது அடி தள்ளி இருக்கிற இரண்டு அறை வீடு போகும். சேறு காயவைக்கும் பாத்திகளில் தினக்கூலிக்கு வேலை செய்யும் அவர் மனைவிக்கு ஒன்றுமே இல்லை.

மின்கம்பியில் மீட்டர் மாட்டி அளப்பார்கள் என்று முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. பதிவேட்டில் இருப்பதும் மீட்டர் காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும். கணவன், மனைவி, தம்பி மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தார்கள். ஒரு வாரம்தானே, நிறுத்தாமல் ஓட்டிவிடலாம்.

*

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்கி எழுந்த தம்பியின் முகத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. சோறு, பருப்பு, ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. புளோயர் இரைச்சலில் தட்டுகள் லேசாக அதிர்ந்தன. மூன்று நாளாக எல்லாரும் கொஞ்சம் உரக்கவே பேசினார்கள்.

"பாட்டில் மேடம் காலையில என்ன சொன்னாங்க மாமா?" என்றான் தம்பி.

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லாம போனா நல்லதுதானே?"

"தண்ணியப் பாத்தியா நீ?"

"பாத்தேன். ஏதோ அஜீரணம் மாதிரி பொங்குது."

"நிறுத்தாம ஊதறோம்ல. அதான்." ஆபரேட்டர் முட்டையைப் பிட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். "ஜாடியில புடிச்சு வச்சுப் பாத்தேன். அரை மணியில படியுது. இன்னொரு அரை மணியில மொத்தமா மேல ஏறிடுது. பேரிங் வேற கத்துது. பாவம்."

"பாத்தியாக்கா, மாமாவுக்குப் புளோயர்னா எப்படி உருகுது? ரெண்டாவது சம்சாரம் மாதிரி."

"அதுக்காவது ரெண்டு மணிக்கு ஒரு தடவ ஓய்வு குடுத்தாரு" என்றாள் அவள், குழம்புக் கிண்ணத்தை நகர்த்தியபடி. "முதல் சம்சாரம் பதினெட்டு வருஷமா ஓடிட்டிருக்கா. ஒருநாள் தொட்டுப் பாத்து, சூடா இருக்குதான்னு கேட்டிருப்பாரா?"

தம்பி சிரித்தான். ஆபரேட்டர்கூட மூக்கால் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பருப்பில் சோறு பிசையும் கைகள் மட்டும் அசைந்தன.

"ஏங்க," என்றாள் அவள். "இந்த வாரம் புடிச்ச தண்ணிய வச்சுத்தான எழுதுவாங்க?"

"ஆமா."

"அப்ப நம்மளே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறோமா?"

அவர் பிட்ட முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"உள்ளதச் சொல்லிடுங்க. மிஷினு ஒண்ணுதான் இருக்கு, நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டறோம், அப்பத்தான் தண்ணி நல்லா வருதுன்னு. அந்தப் பொண்ணு நல்ல மாதிரியாத்தான் தெரியுது. நேத்து பாத்தி பக்கம் வந்து, சேத்துல நின்னு நின்னு கால் புண்ணாகுதே, மருந்து போடறீங்களான்னு கேட்டுச்சு."

"அக்கா, சும்மா இரு," என்றான் தம்பி. "கால் புண்ணக் கேட்டவங்க கையெழுத்தையும் கேப்பாங்க. பதினோரு வருஷம் பொய்யா எழுதினது யாருன்னு கேட்டா? மாமா பேரு. அதுக்குக் கீழ என் பேரு."

"உன்னை என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்களா? நிரந்தரம் பண்ற பட்டியல்ல இப்பத்தான் என் பேரு வந்திருக்கு. ஆறு வருஷம் ஆச்சுக்கா. புகார் ஒண்ணு இருந்தா பேர அடிச்சிட்டுப் போய்ட்டே இருப்பாங்க. இத மூடினாலும் பட்டியல்ல இருக்கறவனுக்குப் பெரிய பிளான்ட்டுல எடம் உண்டு."

"அப்ப மூடினாப் பரவாயில்லைங்கற."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வேற எப்படிச் சொன்ன?"

தம்பி தட்டோடு எழுந்து வெளியே போனான். குழாயடியில் தட்டை வெகுநேரம் கழுவினான். அவனுக்கு எட்டு வயதில் தாய் இறந்துபோனாள். அன்றிலிருந்து அவனை வளர்த்தது அக்காதான். கல்யாணமாகி வந்தபோதும் ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் அவன். ஆபரேட்டர் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே அது அந்த வீட்டில் எப்போதும் இருந்தது.

*

ஐந்தாம் நாள் பிற்பகல் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது, வரவில்லை. பம்பு அறையில் மேசை போட்டுப் பொறியாளர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் பழைய பதிவேடுகளைத் தூசு தட்டிக் கொண்டுவந்து அடுக்கினார்.

"உக்காருங்க ஆபரேட்டர். நின்னுக்கிட்டே இருக்கீங்க."

"இருக்கட்டும் மேடம்."

"ஒரு விஷயம் சொல்லணும். நான் எத்தனையோ இடம் போயிருக்கேன். பதிவேட்டுல ஒண்ணு இருக்கும், மீட்டர் ஒண்ணு காட்டும். இங்கதான் ரெண்டும் அச்சடிச்ச மாதிரி ஒத்துப்போகுது. உண்மைய எழுதி வச்சிருக்கீங்க. ரொம்ப அபூர்வம்."

ஆபரேட்டர் பதிவேட்டின் முதுகில் இல்லாத தூசைத் துடைத்தார்.

"ஆனா மாசாமாசம் லேபுக்கு அனுப்பின தண்ணி ரிப்போர்ட்டைத்தான் நம்ப முடியல," என்றார் பொறியாளர். "எல்லாம் இவ்வளவு சுத்தமா வந்திருக்கு. இந்த வாரம் நான் எடுத்தது ஒண்ணுகூட அந்தப் பக்கம் வரல. நல்ல நேரமாப் பாத்துப் பிடிச்சு அனுப்பியிருப்பீங்க. எல்லாரும் செய்யறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல மேடம். அது நெசமான தண்ணி."

பொறியாளர் புன்னகைத்தார். நம்பாதவர்கள் மரியாதைக்குப் புன்னகைப்பது போல.

"எப்படி மேடம் வருது கணக்கு?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

பொறியாளர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். இரண்டு கட்டங்கள். ஒன்று இந்த நிலையம், இன்னொன்று குழாய். "ஆயிரம் லிட்டரச் சுத்தம் பண்ண எவ்வளவு மின்சாரம், எவ்வளவு செலவு, வெளிய விடற தண்ணி எப்படி, வாய்க்காலுக்கு என்ன பாதிப்பு, எல்லாம் இதுல இருக்கு. உங்க பிளான்ட்டு ரொம்பத் தோத்துப் போகல. சொல்லப்போனா, மின்சாரம் மட்டும் மூணுல ஒரு பங்கு குறைவா இருந்து, தண்ணி இன்னும் கொஞ்சம் தெளிவா இருந்திருந்தா, இதுதான் முன்னால நிக்கும். குழாய் போட்டா தள்ளறதுக்கே அவ்வளவு கரண்டு வேணும். இந்த வாய்க்காலும் காஞ்சு போகும். என்ன பண்றது, எண்ணு அப்படி வருது."

மூணுல ஒரு பங்கு. இருபத்து நான்கில் எட்டு. ஆபரேட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று பிறகு கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

அன்று மாலை வீட்டில் அவர் மனைவியிடம் இதைச் சொன்னார். அவள் கால் விரல்களுக்கிடையில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணுல ஒரு பங்கா?"

"ஆமா."

"நாளைக்குச் சொல்லிடுங்க," என்றாள். "என் தம்பிக்கு நான் சொல்லிக்கறேன்."

*

ஆறாம் நாள் காலை. பொறியாளரின் வண்டியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஆபரேட்டர் பாத்திகளின் ஓரமாக அவரை நிறுத்திச் சொன்னார். ஒரே மூச்சில், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். படுத்துப்போன புளோயர், பெல்ட் சூடு, சிவப்பு மை, பதினாறு மணி நேரம், இந்த வாரம் பயந்து ஓட்டியது. பத்தடி தள்ளி அவர் மனைவி காய்ந்த சேற்றை மண்வெட்டியால் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டிச் சத்தம் நின்றதிலிருந்து அவள் கேட்கிறாள் என்று தெரிந்தது.

பொறியாளர் தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்தி நிறுத்தி ஊதினா சேறு அப்படித்தான் நல்லாப் படியும்," என்றார் கடைசியில். "காத்து இல்லாத நேரத்துல ஒரு வகைக் கிருமி வேலை செய்யும். சில ஊர்ல வேணும்னே அப்படி ஓட்டறாங்க. நீங்க சொல்றது நடக்கக்கூடியதுதான். ஆனா..." என்று நிறுத்தினார். "மூடப்போறாங்கன்னு தெரிஞ்சப்பறம், கணக்கு எங்க இடிக்குதுன்னு நானே நேத்து உங்ககிட்ட சொன்னப்பறம், இன்னைக்கு வந்து சொல்றீங்க. என் இடத்துல இருந்து பாருங்க."

"பொய் சொல்லல மேடம்."

"ராத்திரி ஷிஃப்ட்டுல யாரு?"

தம்பி அப்போதுதான் வேலை முடித்துக் கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தான். பொறியாளர் அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு வார்த்தை சொன்னாப் போதும். புளோயரை நடுவுல நிறுத்தற வழக்கம் உண்டா? ரெண்டு பேரும் உண்டுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நான் ஆபீஸ்ல பேசி ரெண்டு வாரம் தள்ளி வாங்கறேன். நிறுத்தி ஓட்டுங்க, மறுபடி வந்து அளக்கறேன்."

தம்பி மாமாவைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"இல்ல மேடம்," என்றான். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். என் ஷிஃப்ட்டுல நின்னதே இல்ல."

ஆபரேட்டர் அவனை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. புளோயரின் இரைச்சல் மூன்று பேருக்கும் நடுவில் ஓடியது. பொறியாளர் பாத்தியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க பக்கத்துலயேதான் குடியிருக்கீங்க. உங்களுக்குக் கேக்காம இருக்காது. நடுவுல நிக்குமா இது?"

அவள் மண்வெட்டியின் பிடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள். கணவன் அவளைப் பார்க்கவில்லை. சேற்றுப் பாளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நிக்காது மேடம்," என்றாள். "எங்க நிக்குது? வந்த நாள்லருந்து இந்த இரைச்சல்தான். ஒருநாள் நிம்மதியாத் தூங்கினதில்ல."

பொறியாளர் தலையசைத்தார். ஆபரேட்டரின் தோளைத் தொடப்போவது போலக் கை வந்தது, தொடவில்லை. "உங்க கஷ்டம் புரியுது," என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார்.

வண்டி வாசலைத் தாண்டியது. தம்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் இன்னும் மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்னை ஏதாவது கேளுங்க," என்றாள்.

"என்ன கேக்கறது?"

"திட்டவாவது திட்டுங்க."

ஆபரேட்டர் கொட்டகைக்குள் போனார். ஆறு நாளுக்குப் பிறகு விசையைக் கீழே தள்ளினார். சக்கரம் சுழன்று சுழன்று தளர்ந்து நின்றது. நிலையம் முழுவதும் ஓசை அற்றுப்போயிற்று. தொட்டியில் கடைசிக் குமிழிகள் உடைவது கேட்டது. எங்கோ ஒரு பறவை, அதற்கப்பால் ஊர். அவள் அழுவது அவருக்குக் கேட்டது. வீட்டுக்குள் கட்டிலில் தம்பி புரண்டு படுப்பதுகூடக் கேட்டது. அந்த ஒரு மணி நேரமும் மூன்று பேரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

*

சேறு அடங்கப் பத்து நாள் ஆயிற்று. முதலில் கட்டிகள் சிறுத்தன. பிறகு குமிழிகள் மட்டும் வந்தன. பிறகு அவையும் இல்லை. இரண்டு மணி நேரம் ஓட்டம், ஒரு மணி நேரம் ஓய்வு. பதிவேட்டில் இருபத்து நான்கு.

ஐந்தாவது வாரம் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று, அறிக்கையின் பரிந்துரைப்படி நிலையம் ஆண்டு இறுதியில் மூடப்படும் என்பது. இன்னொன்று தம்பிக்கு. பெரிய நிலையத்தில் நிரந்தர வேலை. அவன் அதை அக்கா காலடியில் வைத்துக் கும்பிட்டான். மாமாவிடம் நீட்டினான். அவர் முழுதும் படித்துப் பார்த்து, மடித்து, "தண்ணி படாம பத்திரமா வை மாப்ள," என்று திருப்பிக் கொடுத்தார். மறு வாரம் அவன் பெட்டியோடு கிளம்பிப் போனான். இரவு ஷிஃப்ட்டையும் ஆபரேட்டரே பார்த்தார்.

அவன் போன மூன்றாம் நாள் மாலை அவள் பாத்தி வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டு தொட்டியருகே வந்தாள். அது ஓய்வு மணி. ஆபரேட்டர் விளிம்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தொட்டி கண்ணாடி போல இருந்தது. அடியில் சேற்றை வழித்தபடி மெல்ல நகரும் இரும்புக் கை வரைக்கும் தெரிந்தது. வானம் அதற்குள் இருந்தது.

"இவ்வளவு தெளிவா நான் பாத்ததே இல்ல," என்றாள்.

"ம்."

வெகுநேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழிகிற நீரின் சத்தம் மட்டும் இருந்தது.

"ஏங்க," என்றாள். "இப்ப அந்தப் பொண்ணக் கூப்பிட்டு, வந்து புடிச்சுப் பாருன்னு சொன்னா என்ன? நான் அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு நானே சொல்றேன். இன்னும் மூடலதானே?"

அவர் அவள் பக்கம் திரும்பி, அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அவள் கேட்டதை நிஜமாகவே கேட்டாள் என்று தெரிந்தது. தான் சரி என்று சொன்னால் இப்போதே எழுந்துவிடுவாள் என்பதும் தெரிந்தது.

"அவன் வேலையில சேந்து இன்னைக்கு மூணு நாளுதான் ஆவுது," என்றார்.

அவள் ஈரக் கைகளை முந்தானையில் துடைக்க ஆரம்பித்து, துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். ஓய்வு மணி முடிந்திருந்தது. கொட்டகைக்குள் போய், பெல்ட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு விசையை மேலே தள்ளினார். சக்கரம் முனகிப் பிடித்துக்கொண்டது. தகரம் அதிரத் தொடங்கியது. கதவு வழியாகப் பார்த்தபோது அவள் இன்னும் சுவரிலேயே உட்கார்ந்து, இந்தப் பக்கம் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டதுபோலத் தலையை ஆட்டினார்.